வினோதா இறக்கிய விசிறி

வினோதா வீட்டிலேயே கல்யாண வீடியோக்களை எடிட் செய்பவள். அவள் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டின் விசிறி மாவு மில்லாட்டம் இரையும். அதே அறையில்தான் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த புருஷன் ஆனந்தராஜ் தூங்கியாக வேண்டும். ஓசூர் ஃபேக்டரியில் மெஷின் நின்றால் ஓடிப்போய்ப் பார்க்கிற ஃபிட்டர் அவன்.

சூடு குறைந்தால் விசிறி மெதுவாகச் சுற்றினால் போதும் என்று, மூன்று மத்தியானம் மெனக்கெட்டுக் கார்டின் வோல்டேஜைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்தாள். கம்ப்யூட்டர் ஹேங் ஆனபோது ஒரு படி ஏற்றினாள். அப்புறம் தடங்கலில்லாமல் ஓடியது. சூடு தணிந்ததும் விசிறியின் வேகத்தை இறக்கினாள். அறையே அடங்கிப்போனது.

ஆனந்தராஜ் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான். "எந்த மெஷின் நின்னுபோச்சு?"

"ஒண்ணும் நிக்கல. படுங்க."

அவன் புரண்டு புரண்டு படுத்தான். வினோதா பல்லைக் கடித்துக்கொண்டு விசிறியைப் பழைய வேகத்துக்கே ஏற்றினாள். அது இரைந்ததும், அவன் குறட்டையும் கிளம்பியது.