கமாண்டர் கடைசியாகத்தான் இறங்குவார்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆளே கிடையாது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ராக்கெட், கிரகம், நிலா என்று வாய் வலிக்கப் பேசிப் பேசி, இருபத்தாறு வயதிலேயே ஊருக்கெல்லாம் 'ராக்கெட் அக்கா' ஆகிவிட்டாள். வண்டி ஓட்டி, பெட்டி தூக்கி, எந்நேரமும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நிற்கும் அவளுடைய சொந்த அண்ணனே ஒரு நாள் வாய் தவறி 'அக்கா' என்று கூப்பிட்டுத் தொலைத்தான். அதைச் சொல்லியே ஒரு மாதம் அவன் உயிரை எடுத்தாள்.

இரண்டு பேருக்கும் பிழைப்பு ஒரு ஊதுகூடாரம். மடித்தால் வண்டிக்குள் அடங்கிவிடும். பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில் விரித்து, காற்றடிக்கும் ப்ளோயரை மாட்டிவிட்டால் பத்து நிமிஷத்தில் கவிழ்த்த சட்டி மாதிரி எழுந்து நிற்கும். தரை, சுவர், கூரை எல்லாம் ஒரே தடித்த கறுப்புத் துணி, உள்ளே ரப்பர் பூச்சு. வாசல் என்று ஒன்றே ஒன்று. இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு துணிக்குழாய், அதில் தவழ்ந்துதான் போக வேண்டும். உள்ளே நடுவில், கூரை முழுக்க வானத்தைக் காட்டும் புரொஜெக்டர். மின்சாரம் நின்றாலும் படம் நிற்கக்கூடாது என்று அதற்கு மட்டும் தனி பேட்டரி வைத்திருந்தாள். அந்த யோசனைக்காகத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டவளும் அவள்தான்.

"ப்ளோயர் சத்தத்தைக் கேட்டியா?" என்றான் அண்ணன். "பேரிங் போகப் போகுது. இன்னிக்கு வேணாம்னு சொல்லிடு."

"நாப்பது பிள்ளைங்க செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வரிசையில நிக்குதுங்க. நீயே போய்ச் சொல்லு, பாக்கலாம்."

"பத்து நாளா இதையேதான் சொல்ற."

"இந்த ஒரு ஷோ மட்டும்ண்ணா. முடிச்சதும் மாத்திடலாம்."

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே போய் ஸ்விட்சைப் போட்டான். மூன்றாம் வகுப்பு டீச்சர் பிள்ளைகளை எண்ணி எண்ணி உள்ளே அனுப்பினார். முட்டி வலிக்காரி, தவழச் சொன்னால் அழுதுவிடுவார். அதனால் வெளியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் மகளும் அதே வகுப்புதான். பள்ளிக்கூடத்தில் அம்மா என்று கூப்பிடக்கூடாது, மிஸ் என்றுதான் சொல்ல வேண்டும் என்று வீட்டில் கண்டிப்பான உத்தரவு.

அந்தப் பெண்ணைத்தான் அன்றைக்குக் கமாண்டர் ஆக்கினாள் ராக்கெட் அக்கா. எட்டு வயது, முன்பல் இரண்டு இல்லை. யார் யாருக்கு நிலாவுக்குப் போக ஆசை என்று கேட்டதும் நாற்பது பேரும் கை தூக்கினார்கள். இவள் மட்டும் இரண்டு கையையும் தூக்கினாள். அது போதாதா?

"கமாண்டர், நல்லா கேட்டுக்கோங்க," என்றாள் அக்கா, கரகரத்த கேப்டன் குரலில். "பயிற்சியில உங்களை ஏமாத்திப் பாப்பாங்க. எல்லாம் சும்மா, விளையாட்டு முடிஞ்சுது, எழுந்து வான்னு சொல்லுவாங்க. எழுந்து போனா ஃபெயில். சரியா?"

"சரிங்க அக்கா," என்றாள் கமாண்டர், முதுகை விறைத்துக்கொண்டு.

ராக்கெட் கிளம்பியது. பூமி சின்னதானது. செவ்வாய்க்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ப்ளோயர் ஒரு தரம் கீச்சென்று கத்தியது. அப்புறம் சத்தமே இல்லை. வெளியில் அண்ணன், "மோட்டார் பிடிச்சுக்கிச்சு! எல்லாரையும் வெளிய அனுப்பு!" என்று கத்தினான். தலைக்கு மேல் செவ்வாய் கிரகம் மெல்லச் சுருங்கிக் கீழே இறங்கியது.

பிள்ளைகள் சிரித்தன. கூடாரம் முழுதாகப் படிய இரண்டு மூன்று நிமிஷம் இருக்கிறது, அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அந்தக் குழாய்க்குள் பாய்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்ததுமே அவளுக்குப் பயம் வந்தது. ஆனால் குரலில் அது தெரியவில்லை. அதுதான் அவள் தொழில்.

"கவனிங்க! கப்பல்ல காத்து கசியுது. ஒருத்தர் பின்னால ஒருத்தரா, சத்தம் போடாம, தவழ்ந்து இறங்கணும். யாரும் ஓடக்கூடாது!"

எல்லோருக்கும் முன்னால் எழுந்து ஓடிவந்தது கமாண்டர்தான். வாசலில் இரண்டு கையையும் வைத்துவிட்டாள். இவளைப் பார்த்து மற்றதுகளும் பாயும் என்று பயந்து, அக்கா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"கமாண்டர் முதல்ல போகலாமா? எல்லாரையும் அனுப்பிட்டுக் கமாண்டர் கடைசியாத்தான் இறங்குவார்!"

குழந்தை முகம் சிவந்துபோய்ப் பின்வாங்கி, தன் இடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த ஒரு வார்த்தையில் வரிசை தானாக ஒழுங்காகிவிட்டது. அக்காவுக்கு அந்த அவசரத்திலும், 'எப்படிச் சமாளிச்சேன் பார்' என்று ஒரு பெருமை. ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணி அனுப்பினாள். கூரை முதுகில் வந்து உட்கார்ந்தது. முப்பத்தெட்டா, முப்பத்தொன்பதா? ஒட்டிக்கொண்டு தவழ்ந்து போன இரட்டைப் பிள்ளைகளை ஒன்றாக எண்ணினாளா, இரண்டாகவா? கடைசியாக இரண்டு பேர் முண்டியடித்துக்கொண்டு போனதும் நாற்பது ஆகிவிட்டது என்று நினைத்துத் தானும் வெளியே வந்தாள்.

டீச்சர் எண்ணினார். ஊரார் பிள்ளைகளை எண்ணி முடித்த பிறகுதான் அவர் கண் தன் பிள்ளையைத் தேடியது. வரிசையில் இல்லை. சுவரோரம் ஒரே ஒரு ஜோடி நீலச் செருப்பு கிடந்தது.

"என் பொண்ணு எங்க?"

ராக்கெட் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அட பாவி, நான்தானே உட்கார வைத்தேன்! கூடாரம் தரையோடு தரையாகப் படிந்துகொண்டிருந்தது. நடுவில் மட்டும் புரொஜெக்டர் மேல் துணி கூராக நின்றது, அங்கிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. பேட்டரி! அந்தப் பாழாய்ப்போன பேட்டரியில் புரொஜெக்டர் விளக்கு இன்னும் எரிகிறது.

"கத்தி வண்டியில இருக்கு, எடுத்துட்டு வரேன், கிழிச்சிடலாம்," என்று வாசல் குழாயைத் தூக்கிப் பிடித்திருந்த அண்ணன் திரும்பினான்.

"வண்டி கேட்டுக்கு வெளிய நிக்குது. நீ போனா இந்த வாசலும் விழுந்துடும். தோள்ல தாங்கிப் புடிச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு அவள் குழாய்க்குள் புகுந்தாள்.

உள்ளே துணி முதுகை அழுத்தியது. முழங்கையால் நகர்ந்து, கையால் துழாவி, பேட்டரி ஒயரைப் பிடித்துப் பிடுங்கினாள். இருட்டு. ஆனால் உருகிய துணி புகைந்துகொண்டுதான் இருந்தது. கண் எரிந்தது, தொண்டை கமறியது.

"கண்ணு! எங்கடா இருக்க?"

"இங்க இருக்கேன்," என்று அந்தப் பக்கத்திலிருந்து தெளிவாக ஒரு குரல், இருமிக்கொண்டே. "எல்லாரும் இறங்கியாச்சா?"

"ஆச்சு. வா, என் கையைப் புடி."

"நீங்க இன்னும் இறங்கலையே."

"நான் இறங்கிட்டு உனக்காகத் திரும்பி வந்திருக்கேன். வாம்மா."

"கமாண்டர்தானே கடைசி?"

"கண்ணு, கேளு. இது விளையாட்டு இல்ல. நான் சும்மா சொன்னேன். மோட்டார் நின்னுபோச்சு, துணி எரியுது. நிஜமாத்தான் சொல்றேன், வந்துடு!"

அந்தக் குரலில் ஒரு சின்னச் சிரிப்பு. "ஏமாத்திப் பாக்கறீங்க. எனக்குத் தெரியும்."

தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. எட்டிப் பாய்ந்து ஒரு கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். குழந்தை விட்டால்தானே? எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு உதைத்தாள். ஒரு உதை அக்காவின் தாடையில் விழுந்தது. கால் அவள் பிடியிலிருந்து நழுவியது. இருமல் இப்போது இரண்டு பேருக்கும் நிற்கவில்லை. இந்தப் புகையில் இன்னும் இரண்டு நிமிஷம் கெஞ்சிக்கொண்டிருந்தால் இரண்டு பேரும் இங்கேயே கிடப்போம் என்று அவளுக்குப் புரிந்தது.

ஒரே ஒரு வழி இருந்தது.

"சரி, கமாண்டர்," என்றாள். எங்கிருந்தோ அந்தக் கேப்டன் குரல் வந்தது. "நான் இறங்குறேன். என் கால் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே பின்னாலயே வரணும். இது கட்டளை."

பதிலுக்கு நிற்காமல் திரும்பினாள். புகைக்குள் ஒரு சின்னக் குழந்தையை விட்டுவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு முழமாக ஊர்ந்தாள். காலால் தரையைத் தட்டித் தட்டி வந்தாள். பின்னால் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள். தன் மூச்சுத்தான் கேட்டது. திரும்பிப் பார்க்கலாமா? பார்த்தால் இவள் இன்னும் இறங்கவில்லை என்று அது மறுபடி உட்கார்ந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு குழாயைத் தாண்டி ஹாலுக்குள் வந்து விழுந்தாள்.

டீச்சர் அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாருமில்லை.

"தனியாவா வந்த?" என்றான் அண்ணன். குழாயைத் தாங்கியிருந்த தோள் அவனுக்கு ஆடியது. "நீ விட்டுட்டா வந்த?"

"வருவா."

"அடிப்பாவி!" என்று டீச்சர் கத்திக்கொண்டே முட்டி வலியை மறந்து தரையில் விழுந்து குழாய்க்குள் தலையை நுழைத்தார். அவள் அவருடைய இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். "வேணாம்மா, நீங்க உள்ள போனா அவ வரமாட்டா! கும்பிட்டுக் கேக்கறேன், வேணாம்!" டீச்சர் அவள் முகத்தில் அறைந்தார். வாங்கிக்கொண்டு பிடியை விடாமல் நின்றாள். முப்பத்தொன்பது பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தன.

துணி அசைந்தது. முதலில் ஒரு கை, அப்புறம் கரி படிந்த ஒரு நெற்றி. கமாண்டர் தவழ்ந்து வெளியே வந்து, எழுந்து நின்று, இருமி முடித்து, வரிசையைத் திரும்பிப் பார்த்து விரலை நீட்டி எண்ணினாள்.

"முப்பத்தொம்போது. அக்கா ஒண்ணு. நான் கடைசி." பல்லில்லாத வாயால் சிரித்தாள். "பாஸா?"

அண்ணன் தங்கையைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பாஸ் என்று சொல்லிவிடேன், குழந்தை சந்தோஷமாக வீட்டுக்குப் போகட்டும் என்று அதற்கு அர்த்தம். டீச்சர்கூட அதைத்தான் எதிர்பார்த்தார் போலிருந்தது. ஒரு வார்த்தை. அவளுக்குப் பழகிய வார்த்தை. ஆனால் அந்தக் கேப்டன் குரல் இந்தத் தடவை வரவில்லை.

அவள் குழந்தைக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். "டெஸ்ட் இல்லடா. நிஜம். மோட்டார் கெட்டுப்போச்சு, அது எனக்கு முன்னாடியே தெரியும். தப்பு என் மேலதான். உள்ள நிஜமாவே தீப்பிடிச்சிருக்கு."

குழந்தை திரும்பிப் பார்த்தாள். நடுவில் துணி பொத்தலாகி, அதிலிருந்து கறுப்புப் புகை ஹாலின் கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தாள். அம்மா இரண்டு கையையும் நீட்டியும் அவரிடம் போகவில்லை. உதடு கோணியது.

"நிஜம்னா," என்றாள், "என்னை ஏன் விட்டுட்டுப் போனீங்க?"