எழுதித் தராத பதில்

அந்தக் கேள்விக்கு காஷ்பர் நாயைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"அடுத்தவர் முன்னால் கடைசியாக எப்போது அழுதீர்கள்?" மரிபோர் பல்கலைக்கழகத்தின் மனோதத்துவ ஆய்வுக்கூடத்தில், முன்பின் தெரியாத இருவர் மாறி மாறிப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று. ஒருவர் மனம் திறந்தால் மற்றவர் எவ்வளவு நெருங்குகிறார் என்பதுதான் ஆராய்ச்சி. எதிரில் உட்காரும் காஷ்பரும் தங்களைப் போல வந்தவன் என்றே எல்லோரும் நம்புவார்கள். உண்மையில் அவன் பேராசிரியை பிரெதா அமர்த்திய நாடக நடிகன். யார் வந்தாலும் செத்துப்போன நாயைப் பற்றிச் சொல்வான். அதே இடத்தில் குரல் உடையும்.

அன்று வந்தவள் நேஷா. பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். இறந்துபோன தம்பியின் சைக்கிளை விலைக்குக் கேட்டு வந்தவர் முன்னால் அழுதுவிட்டாளாம்.

"பாவம், அந்த ஆளுக்கு வாங்கவும் மனசில்ல, போகவும் மனசில்ல. பெல்லை அடிச்சுக்கிட்டே நின்னார்" என்று சிரித்தபடி கண்ணைத் துடைத்தாள்.

அந்தச் சிரிப்புக்கு முன்னால் இல்லாத நாயைக் கொண்டுவந்து நிறுத்த அவனுக்கு மனம் வரவில்லை.

"எங்கப்பா முதியோர் இல்லத்துல இருக்கார். மறதி நோய். போன மாசம் என்னைப் பார்த்து, 'ஷேவ் பண்ண வந்தியா'ன்னு கேட்டார். பண்ணிவிட்டேன். உனக்கு நல்ல கைன்னு பாராட்டினார். நர்ஸ் முன்னாலேயே அழுதுட்டேன்."

நேஷா அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "சனிக்கிழமை ஆத்தங்கரையில காபி குடிக்கலாமா? கேள்வியே கேட்க மாட்டேன்."

அவன் தலையசைத்தபோது கதவு திறந்தது. பொய் சொல்லி நடத்திய சோதனை என்றால், முடிந்ததும் உண்மையைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். அது இந்தத் துறையின் கட்டாயம். பிரெதா முதலில் மன்னிப்புக் கேட்டாள்.

"இவர் எங்க ஆள்மா. நடிகர். சொன்னதெல்லாம் நாங்க எழுதிக் கொடுத்தது."

நேஷாவின் கை விலகியது.

"அப்பா விஷயம் எழுதிக் கொடுத்ததில்ல, நிஜம்!" என்றான் காஷ்பர்.

"அப்பாவா? நீ நாயைச் சொல்லலையா?" என்றாள் பிரெதா.

"ஓ, நாய் வேற இருக்கா?" நேஷா எழுந்தாள். "எனக்கு நாய் பத்தாதுன்னு அப்பாவுக்கு நோயை வரவெச்சுட்டீங்களாக்கும்?"

"மேடம், நீங்களாவது சொல்லுங்க" என்று காஷ்பர் பிரெதாவிடம் திரும்பினான்.

"எழுதினதுல இல்லைன்னு சொல்லலாம். நிஜமான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

அவன் போனை எடுத்து, இல்லத்தில் அப்பாவின் அறைக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டான். அப்பாவே எடுத்தார்.

"அப்பா, காஷ்பர் பேசறேன். உங்க மகன்."

"எனக்கு ஏது மகன்? இருந்தா இந்த உப்பில்லாத சூப்பைக் குடிச்சுக்கிட்டு இங்க கிடப்பேனா? தப்பான நம்பர், தம்பி."

மகனை மறந்தவர் சொல்லக்கூடிய பதில்தான். ஆனால் சம்பந்தமே இல்லாத ஒருவரும் இதையேதான் சொல்வார்.

நேஷா கோட்டை மாட்டிக்கொண்டாள். முகத்தில் கோபம்கூட இல்லை. "யார் வீட்டுப் பெரியவரையோ சாப்பாட்டு நேரத்துல தொந்தரவு பண்ணாதீங்க."

கதவு சாத்திக்கொண்டது. காலடிச் சத்தம் படியிறங்கிப் போனது. போன் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. மறுமுனையில் அப்பா யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்:

"சிஸ்டர், அந்த ஷேவ் பண்ற பையன் மறுபடி எப்ப வருவான்? நல்ல கை அவனுக்கு."

"சனிக்கிழமை வரேன்பா" என்றான் காஷ்பர்.