அசையாமல் நின்றவள்

யோகோகாமாவில் மொசுகேயின் இரட்டைப் படங்களுக்கு வெள்ளைக்காரர்களிடம் ஏகக் கிராக்கி. இரண்டையும் அட்டையில் அருகருகே ஒட்டி, இரு கண் பெட்டியில் வைத்துப் பார்த்தால் ஆளும் மரமும் எழுந்து நிற்கும். அவனிடம் இருந்ததோ ஒற்றைக்கண் கேமரா. ஒரு படம் எடுத்து, கேமராவைச் சற்று நகர்த்தி, கண்ணாடித் தகட்டை மாற்றி, அடுத்ததை எடுத்து முடிக்கும்வரை யாரும் இமைகூட ஆட்டக்கூடாது. அசைந்தவர்களை வாய்க்கு வந்தபடி ஏசுவான். ஊரையே பொம்மையாக்கி நிறுத்துவதில் அவனுக்கு அப்படி ஒரு சுகம்.

வர்ணம் தீட்டுவது மனைவி நுயி. படகுத்துறைப் படத்தை அவள் முன் போட்டு, பலகை ஓரத்தில் கூடை ஒன்றை வரைந்து அங்கே இருப்பதை மறைக்கச் சொன்னான். நுயி பார்த்தாள். இடது படத்தில் பலகை நுனியில் சின்னப் பையன் சகிச்சி உட்கார்ந்திருந்தான். வலது படத்தில் அவனுடைய வைக்கோல் செருப்பு ஒன்றுதான் கிடந்தது. முன்னால் குடையோடு அவன் தாய் ஒதகி, இரண்டிலும் ஒரே மாதிரி.

பையனை ஆறு கொண்டுபோனது இந்தப் படம் எடுத்த அன்றைக்குத்தான். படம் எடுத்தபோது அவன் அங்கே இல்லவே இல்லை என்று மொசுகே ஊருக்கு முன்னால் சாதித்தான். அசையக்கூடாது என்றதால் திரும்பிப் பார்க்க முடியவில்லை என்று ஒதகி கதறியதை யாரும் நம்பவில்லை. எங்கோ ஊர்சுற்றப் போய்ப் பிள்ளையைத் தொலைத்தவள் என்று மாமியார் விரட்டிவிட்டாள். ஒதகி கோயில் கொட்டகையில் கிடந்தாள்.

“செத்தவன் திரும்பியா வரப்போறான்? வரைஞ்சு முடி, கடை பொழைக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு மொசுகே வெளியே போனான். இவனோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்று நுயிக்கு உடம்பு கூசியது.

தூரிகையை அவள் தொடவில்லை. அட்டையையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போனாள்.

“கூடை வரைஞ்சு பையன மறைக்கச் சொன்னாரு, நான் வரையல. இத உன் மாமியார்கிட்ட காட்டு. நீ பொய் சொல்லலைன்னு தெரியட்டும்.”

ஒதகி பெட்டியைக் கண்ணில் வைத்தாள். வலது கண்ணை மூடினாள், பையன் இருந்தான். இடது கண்ணை மூடினாள், இல்லை. திரும்பத் திரும்ப அதையே செய்தாள்.

“நான் கொஞ்சங்கூட அசையலையே, அக்கா.”

“அதத்தான் சொல்றேன்.”

“தண்ணியில விழுந்த சத்தம் கேட்டுச்சுக்கா. படம் கெட்டா ஏசுவாரேன்னு நின்னுட்டேன்.”

ஒதகி அட்டையை உருவி நுயியின் கையில் கொடுத்தாள்.

“அவன மறைக்காதீங்க. மறைக்கிறதா இருந்தா என்னை மறைச்சிடுங்க.”