பன்னிரண்டு டின் தண்ணீர்

கணவர் அப்துல் ரஸாக் இறந்தபின் ஸைனம்புவுக்கு எஞ்சியது, கஹவத்தைக்கு வெளியே றப்பர் தோட்டத்தை ஒட்டிய காணியும் அதில் பாதி தோண்டிய மாணிக்கக் குழியும்தான். குழியில் ஊறிய தண்ணீரை இறைக்க அவளுடைய தம்பி நுஹ்மான் எண்ணெய் எஞ்சினும் பம்பும் வாங்கி வந்தான். வந்த அன்றே கணக்கையும் சொல்லிக் கொடுத்தான்.

“சிலிண்டர் ஆறு இஞ்சி அகலம், ராத்தா. பிஸ்டன் பன்னிரண்டு இஞ்சி ஏறும். அதுக்குள்ள நிக்கிற தண்ணிதான் ஒவ்வொரு தரமும் வெளிய வரும், ஒரு கேலனுக்குக் கொஞ்சம் கூட. நிமிசத்துக்கு நாப்பது தரம் ஏறினா, நாலு கேலன் பிடிக்கிற மண்ணெண்ணெ டின் பன்னிரண்டு நிறையும்.”

கணவரின் கடையில் கணக்குப் பார்த்துப் பழகிய ஸைனம்பு தானும் பெருக்கிப் பார்த்தாள். சரியாக வந்தது.

மழைக்காலம் முடிந்தும் குழி வற்றவில்லை.

“இந்தத் தண்ணிய இறைக்க ஏலாது, ராத்தா. கல் யாவாரி ஸாலி முதலாளி காணிய விலைக்குக் கேக்கிறார். குடுத்திடுவோம்” என்றான் நுஹ்மான்.

அவன் டவுனுக்குப் போயிருந்த ஒரு காலையில் ஸைனம்பு குழியடிக்குப் போனாள். எஞ்சின் வழக்கமான வேகத்தில்தான் ஓடியது. பிஸ்டன் ஏறுவதை எண்ணினாள், நிமிடத்துக்கு நாற்பது. குழாய் வாயில் டின்களை வைத்துப் பிடிக்கச் சொன்னாள். ஒரு நிமிடத்தில் ஐந்துதான் நிறைந்தன.

எஞ்சின் ஓட்டும் அழகமுத்து அவள் சொன்னபடி பம்பைக் கழற்றினான். தண்ணீர் கசியாமல் அடைக்கப் பிஸ்டனைச் சுற்றிப் போட்டிருந்த தோலில் ஒரு பக்கம் இல்லை.

“தேஞ்சுபோச்சா?”

“இல்லீங்கம்மா. கத்தியால வெட்டுனது.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “உங்க தம்பிதான் வெட்டுனாருங்க. சொன்னா வேல போயிடும்னாரு.”

மாலையில் நுஹ்மான் வந்தபோது அந்தத் தோல் வாசற்படியில் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு நின்றபடியே பேசினான்.

“காணி கைக்கு வந்தா ஸாலி முதலாளி எனக்குப் பங்கு தாரேன்டு சொன்னார்.”

“நீ கேட்டிருந்தா நானே பாதிய எழுதித் தந்திருப்பேனே.”

நுஹ்மான் படியேறாமல் திரும்பி நடந்தான். அன்றே இரத்தினபுரிக்குப் போய்விட்டான்.

புதுத் தோல் போட்டபின் தண்ணீர் இறங்கியது. அடிமணலில் சுமாரான கற்கள் சில கிடைத்தன. அவற்றை யாரிடம் கொடுத்து விற்பது என்று யோசித்தபோது நுஹ்மானின் பெயர்தான் முதலில் மனதில் வந்தது. அன்று ஸைனம்பு வெகுநேரம் அழுதாள்.

பெருநாளன்று அவன் வந்தான். அவள் சோறு போட்டாள். காணியைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவன் போனதும் எழுந்து, தண்ணீரை மறுபடி டின்களில் அளந்து பார்க்கக் குழியடிக்கு நடந்தாள்.