ஏழு படிவங்களில் ஒரே வாக்கியம்

1.

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஜப்பானில் எங்கள் பெப்பு நகரில் மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போடும் இதழுக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள்: 'மாணவர்கள் குறைந்த செலவில் வெளிநாட்டில் படிக்கும் வழிகள்.' பதினோரு வருடமாகச் சனிக்கிழமைதோறும் கோயில் கூடத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுக்கிறேன். அதனால் என்னிடம் கேட்டார்கள். ஒரே பக்கம், இனிமையாக.

இப்படி ஆரம்பித்தேன்:

'அன்பு மாணவர்களே, வெளிநாட்டுப் படிப்பு பணக்காரர்களுக்கு மட்டுமல்ல. பாதிக் கட்டணச் சலுகை உண்டு. மலிவான விடுதி உண்டு. வாரத்துக்கு இருபத்தெட்டு மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டு. வீடுகளுக்குச் செய்தித்தாள் போடச் சம்மதித்தால் கல்லூரிக் கட்டணத்தைத் தாங்களே கட்டும் பத்திரிகை நிலையங்களும்'

அங்கே நின்றுவிட்டேன். எழுதிய ஒவ்வொன்றும் உண்மைதான். ஒன்றை மட்டும் விட்டிருந்தேன்: இந்தச் சலுகைகளைக் கேட்டு வருகிறவர்கள், சலுகைக்காக வந்தோம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

2.

சரன்துயாவைப் பற்றி எழுத வேண்டும். முதல் வரைவில் அவள் ஜன்னலோரம் அமைதியாக, கண்ணில் ஏக்கத்தோடு (இல்லை. அவள் அமைதியானவள் அல்ல. ஏன் இப்படி எழுத வருகிறது எனக்கு?)

மங்கோலியாவின் உலான்பாத்தரிலிருந்து வந்தவள். வயது இருபத்திரண்டு. கூடமே அதிரச் சிரிப்பாள். கோயில் கொடுக்கும் பச்சைத் தேநீரில் பாலை ஊற்றி உப்பும் போட்டுக் குடிப்பாள்; பிக்கு பார்க்காததுபோல் இருந்துவிடுவார். கொதிகலன் தொழில்நுட்பம் படிக்க வேண்டும் அவளுக்கு. அவள் ஊரில் குளிர்காலம் முழுக்க நிலக்கரிப் புகை. அதைக் குறைக்கும் வேலை கிடைக்கும் என்கிறாள். மார்ச்சில் மொழிப்பள்ளி முடிகிறது. அதற்குள் இந்த ஊர் அறக்கட்டளை ஒன்று தரும் கட்டணச் சலுகையும் விடுதி அறையும் கிடைத்தால் கல்லூரி. கிடைக்காவிட்டால் விசா முடியும், ஊருக்குத் திரும்ப வேண்டும்.

அக்டோபரில் படிவத்தோடு வந்தாள். 'எங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்த காரணம்' என்ற கட்டத்தில் எழுதியிருந்தாள்:

'ஜெர்மனிக்காக வங்கியில் காட்ட வேண்டிய பணம் எங்களிடம் இல்லை. கொரியாவில் இடம் முடிந்துவிட்டது. இங்கே இரண்டு தவணையாகக் கட்டலாம் என்றார்கள். மலிவாக இருந்தது, வந்தேன்.'

"இப்படியா எழுதுவாங்க, துயா?"

"ஏன் டீச்சர், எழுத்துப்பிழையா?"

"பிழை இல்ல. படிக்கிறவங்க மனசு சங்கடப்படும்."

"காரணம்தானே கேட்டிருக்காங்க?"

நான் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியதிலேயே நல்ல வாக்கியம் அது: 'நான்கு பருவங்களையும் நான்கு விருந்தினர்போல வரவேற்கும் இந்த நாட்டில் வாழ்வது என் சிறுவயதுக் கனவு.'

படித்துவிட்டுச் சிரித்தாள். "எங்க ஊர்லயும் நாலு பருவம் இருக்கு டீச்சர். ஒண்ணுகூடக் கொறையல."

"தெரியும்மா. ஆனா இங்க எல்லாருக்கும் அது பிடிக்கும்."

கறுப்பு மையில், கையால் எழுத வேண்டும். ஓர் எழுத்து தப்பினாலும் அடிக்கக் கூடாது. புதுத் தாளில் முதலிலிருந்து. அவள் ஐந்து தாள் வீணாக்கி என் வாக்கியத்தைப் பிழையில்லாமல் எழுதினாள்.

* என் கதையில் அடித்தல்களை அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். சோம்பல் என்று நினைக்க வேண்டாம்.

3.

என் தவறை இங்கே எழுதியாக வேண்டும். இந்தப் பகுதியை மூன்று முறை கிழித்துப் போட்டேன்.

எங்கள் கூடத்திலிருந்து அந்தச் சலுகைக்கு விண்ணப்பித்தவர்கள் ஏழு பேர். அந்த வாக்கியத்தை ஏழு பேருக்கும் கொடுத்தேன். நல்லெண்ணத்தில்தான். இருக்கும் சோற்றைப் பங்குபோடுவதுபோல. வருடம் முழுக்க வெயிலும் மழையும் மட்டும் இருக்கும் இந்தோனேசியத் தீவிலிருந்து வந்த பையனுக்கும் கொடுத்தேன்.

டிசம்பரில் ஏழு பேருக்கும் அறக்கட்டளையிலிருந்து ஒரே கடிதம் வந்தது: 'இரவல் வார்த்தைகள். நேர்மை காணப்படவில்லை.'

4.

தினமும் காலையில் புத்தர் முன் உட்கார்ந்து நன்றி சொல்வது என் பழக்கம். அன்று நன்றி வரவில்லை. நேராக அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனேன்.

செயலாளர் குசுமோதோ ஏழு படிவங்களையும் மேசைமேல் சீட்டுக்கட்டுபோல் பரப்பினார்.

"இசோபே அம்மா, ஏழு பேரும் ஒரே கனவா கண்டாங்க?"

"வாக்கியம் என்னோடது. பிள்ளைங்க மேல தப்பில்ல."

"அப்போ உதவித்தொகைய உங்களுக்குத்தான் குடுக்கணும்." தானே சிரித்துக்கொண்டார்.

"நிஜத்தையே எழுதியிருந்தா? மலிவா இருந்துச்சு, வந்தேன்னு?"

"போன வருஷம் ஒரு பையன் எழுதினான். குழுவுல ஒருத்தருக்கும் பிடிக்கல. நம்ம ஊர் மேல பாசமே இல்லையேன்னு தள்ளிட்டாங்க."

அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் அறக்கட்டளையின் விளம்பரம் ஒட்டியிருந்தது. ஐந்து மொழிகளில், பெரிய எழுத்தில்: 'குறைந்த செலவில் எங்கள் நகரில் படியுங்கள்!'

"குசுமோதோ சார், கொஞ்சம் திரும்பிப் பாருங்க. அதுல என்ன எழுதியிருக்கு?"

"அது... விளம்பரம்."

"அதப் படிச்சிட்டுத்தான் வந்தாங்க! மலிவு, மலிவுன்னு நீங்கதான் கூவிக் கூப்பிட்டீங்க. வந்து நின்னா பாசத்தக் காட்டுங்கறீங்க. எந்தக் கடைக்காரராவது சாமான் வாங்க வந்தவங்ககிட்ட காதல் கடிதம் கேப்பாரா? நெசத்தச் சொன்னா பாசமில்ல, பொய் சொன்னா நேர்மையில்ல. அந்தப் பிள்ளைங்க வேற என்னத்ததான் சொல்றது?"

நகல் எடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அறுபத்தாறு வயதில் முதல் முறையாக ஓர் அலுவலகத்தில் நான் கத்தியிருந்தேன்.

குசுமோதோ எழுந்து உள்ளே போனார். ஏழு வெற்றுப் படிவங்களோடு வந்தார். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள. குழுகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா நீங்க ஒரு எழுத்து சொல்லிக் குடுக்கக் கூடாதும்மா."

சின்னச் சின்ன நன்மைகளை நம்பி வாழ்கிறவள் நான். அவர் செய்ததும் ஒரு நன்மைதான். குனிந்து வணங்கி வாங்கிக்கொண்டேன். ஆனால் கோபம் அடங்கவில்லை, இன்னும் அடங்கவில்லை. பெரிய அநியாயம் ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்க, வாசலில் அதன் செருப்பை நேராக அடுக்கி வைக்கிறவர்களாகவே நானும் அவரும் ஆகிவிட்டோமோ என்று (நீளமாகப் போகிறது. விடுகிறேன்.)

5.

முடிவுக்கு மூன்று வரைவுகள் எழுதினேன்.

(அ) சரன்துயா உண்மையை எழுதுகிறாள். குழு வெட்கித் தலைகுனிகிறது. சலுகை கிடைக்கிறது. எனக்கே கூச்சமாக இருக்கிறது.

(ஆ) உண்மையை எழுதுகிறாள். மார்ச்சில் விமானம் ஏறுகிறாள். வாசகர் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் குப்பை வண்டி வரும் நாட்களைப் பார்க்கிறார்.

(இ) என்னுடையதைவிடத் திறமையான பொய் ஒன்றை எழுதுகிறாள். கிடைக்கிறது. நடக்க வாய்ப்புள்ளது இதுதான். எழுதவே கசந்தது.

புதன்கிழமை கூடத்தில் மூன்றையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இந்த முறை சிரிக்கவில்லை.

"மூணுலயும் நான் என்ன எழுதறேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

"கதைன்னா அப்படித்தான், துயா."

"அப்போ இது எட்டாவது படிவம், டீச்சர்."

"என் மேல கோபமா?" என்று கேட்டேன்.

"இருக்கு. அஞ்சு தாள் வீணாக்கி உங்க கனவ எழுதினேன். என் கை வலிச்சுது." பிறகு என் முகத்தைப் பார்த்து, "அழாதீங்க. எனக்காகக் கத்துனீங்களாமே, குசுமோதோ சார் அலுவலகத்துப் பொண்ணு சொல்லிச்சு. சரி, அந்தப் பக்கம் போய் உக்காருங்க. எட்டிப் பாக்கக் கூடாது" என்றாள்.

போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

6.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆகவே என்னிடம் முடிவு இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

இதழாசிரியருக்கு இதைத்தான் அனுப்புகிறேன். குறைந்த செலவில் படிக்க எனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் முதல் பகுதியிலேயே சொல்லிவிட்டேன்; அவற்றின் வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதை மற்றவற்றில்.

அறக்கட்டளைக் குழுவில் ஒன்பது பேர். எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டிலும் இந்த இதழ் விழும். இதைப் படித்துக்கொண்டிருப்பவர் அவர்களில் ஒருவராக இருந்தால்: அடுத்த முறை குழு கூடும்போது ஏழு படிவங்கள் உங்கள் முன் வரும். ஏழிலும் வெவ்வேறு காரணம் இருக்கும். ஏதாவது ஒன்றில் 'மலிவு' என்ற சொல்லும் இருக்கலாம்.

ஏன் வந்தாய் என்று கேட்டவர் நீங்கள். அவள் பதில் எழுதிவிட்டாள். கடைசி வாக்கியத்தை உங்களுக்கே விடுகிறேன்: இனி நீங்கள்…