பச்சை இழை

ஸ்பூனில் தண்ணீரைக் கணவரின் உதட்டருகே கொண்டு போனாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். மகள் வாங்கிக் கொடுத்ததும் குடித்தார்.

"அம்மா குடுத்தா என்னப்பா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

காய்கறி மண்டியில் ஏலம் விடுகிறவர். ரகசியம் பேசினாலே தெருக்கோடிக்குக் கேட்கும். சில மாதங்களுக்கு முன் தலைக்குள் கட்டி என்று தெரிந்தபோது வலிப்பு வந்து நினைவில்லாமல் கிடந்தார். மூளைக்குள் எந்த நரம்பு எங்கே போகிறது என்று ஸ்கேனில் எடுத்த வண்ணப் படத்தை டாக்டர் அவளிடம் காட்டினார். சிவப்பும் நீலமுமாக இழைகள். நடுவில் ஒரு பச்சைக் கற்றை, அதை ஒட்டிக்கொண்டு கட்டி.

"இந்தப் பச்சைதாம்மா பேச்சு. இதையும் சேத்து எடுத்தா ரெண்டு வருஷம் தாங்குவாரு, ஆனா பேச முடியாது. விட்டுட்டா பேசுவாரு. ஆறு மாசம்தான். காத்திருக்க நேரமில்ல, நீங்கதான் சொல்லணும்."

"பேச்சுல கை வைக்காதீங்க டாக்டர். வாய மூடிட்டு அவரால ஒரு நாள்கூட இருக்க முடியாது."

அந்தக் குரல் இல்லாத வீட்டில் தன்னாலும் இருக்க முடியாது என்பதை அவள் சொல்லவில்லை.

அவர் தேறி வந்தபின் அவளேதான் எல்லாவற்றையும் சொன்னாள், கொஞ்சம் பெருமையாகவே. மகள் முழுகாமல் இருக்கும் செய்தி வந்த வாரம் அது.

"ஊமையா இருந்தாலும் பேரப்பிள்ளையத் தூக்கியிருப்பேனேடி."

அவளிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். மண்டி ஆட்களிடம், டாக்டரிடம், மருந்துக் கடைக்காரனிடம் வாய் ஓயவில்லை. பச்சை இழை எல்லோருக்கும் வேலை செய்தது, அவளுக்கு மட்டும்தான் இல்லை. பாவி மனுஷன், ஒரு திட்டாவது திட்டக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது.

தண்ணீரை மறுத்த அன்று சாயங்காலம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

"குளிருது," என்றார் மகளிடம். "அம்மாவ ஜன்னலச் சாத்தச் சொல்லு."

அவள் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். மகள் சொல்லும்வரை காத்திருந்து சாத்தினாள். திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் மண்டி முதலாளி வந்து உட்கார்ந்தார்.

"கடைசி வரைக்கும் குரல் கம்மலியே மனுஷனுக்கு! உங்ககிட்ட என்னம்மா சொன்னாரு?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஜன்னலச் சாத்தச் சொன்னாரு," என்றாள் அவள்.

அறையில் ஆட்கள் நிறைந்து புழுங்கியது. யாரோ ஜன்னலைத் திறக்க எழுந்தார்கள். அவள் முந்திக்கொண்டு போய், தாழ்ப்பாளின் மேல் கையை வைத்து நின்றாள்.