செம்பருத்திக்கு மீன் எண்ணெய்

பெருங்களத்தூரில் பதினாறு வீடுகள் கொண்ட ஓர் அபார்ட்மென்ட். அதன் மொட்டை மாடியில் பன்னிரண்டு தொட்டிகளில் செம்பருத்தி வளர்த்தாள் சுந்தரவல்லி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், தனியாள். காலை ஆறரைக்கெல்லாம் பூஜைக்குப் பூ கேட்டு யாராவது அவள் வீட்டு மணியை அடிப்பார்கள். அந்தப் பூவைத் தவிர வேறு எதற்கும் யாரும் அவளைத் தேடி வந்ததில்லை. செடி போனால் அவளுக்கு என்ன போகும் என்று உங்களுக்கே புரியும், கண்ணுகளா.

வைகாசியில் மொட்டுகள் விரியாமலே மஞ்சளாகி உதிர்ந்தன. கிளை இடுக்குகளில் பஞ்சை ஒட்டி வைத்ததுபோல் வெள்ளை. பூஞ்சைதான் என்று நினைத்துப் புளித்த மோரைத் தெளித்தாள். பலனில்லை. ஊக்கால் கிளறிப் பார்த்தபோது பஞ்சுக்குள் இளஞ்சிவப்பாக ஒன்று நகர்ந்தது. மாவுப்பூச்சி! சாற்றை உறிஞ்சிவிட்டு இலையெல்லாம் பிசுபிசுப்பாக்கி வைத்திருந்தது. அதை நக்க வந்த எறும்புகள், பூச்சியின் குஞ்சுகளை அடுத்த தொட்டிக்கும் தூக்கிக்கொண்டு போயின. வேப்பெண்ணெய் அடித்தாள். பூச்சியின் மேல் மெழுகுபோல் மாவு படிந்திருந்ததால், அடித்ததெல்லாம் வழிந்து கீழே விழுந்தது.

அசோசியேஷன் செக்ரட்டரி பத்ரிநாராயணன் மாடிக்கே வந்துவிட்டார்.

"மேடம், சின்மயி வீட்டுத் துளசிக்கும் பரவிடுச்சு. குரூப்ல ஒரே கம்ப்ளெயின்ட். ஆடி பொறக்கறதுக்குள்ள க்ளியர் பண்ணிடுங்க, இல்லேன்னா தொட்டி பூரா கீழ எறக்கிடுவோம். பர்சனலா எடுத்துக்காதீங்க."

பூச்சி பிடித்த கிளைகளை வெட்டிப் பையில் கட்டி, கேட் பக்கத்துக் குப்பைத் தொட்டிக்கு எடுத்துப் போனாள். அங்கே பொன்னி மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். கோவளத்திலிருந்து வருகிறவள். இந்தக் கேட்டில் பன்னிரண்டு வருஷமாக விற்கிறாள். முதல் மாடி ஹில்டா வீட்டையும் சேர்த்து மூன்றே வீடுகள்தான் வாங்கும். மற்றவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு கடந்து போவார்கள்.

"இன்னா டீச்சரம்மா, மரத்தையே வெட்டிகினு வர்றே?"

"பூச்சி, பொன்னி. எதுக்கும் போக மாட்டேங்குது."

பொன்னி பையைப் பிரித்துப் பார்த்தாள். "த்தூ, இதுக்கா இம்மாம் பேஜாரு? எங்க நாத்தனா மல்லித் தோட்டத்துல மீன் எண்ணெய் சோப்பு அடிப்பா. அப்படியே மேல படிஞ்சி, மூச்சு முட்டிப் பூடும். கொண்டாரட்டா?"

"ஐயையோ, மீனா?"

"செடிதானே குடிக்கப் போவுது? நீயா துன்னப் போறே?"

மறுநாள் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கெட்டியாக, பழுப்பாகக் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சர் அதைப் புடவைத் தலைப்பில் மறைத்து மேலே எடுத்துப் போனாள். லிட்டர் வெந்நீருக்கு இருபத்தைந்து கிராம் கரைத்து, ஆறவைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கமெல்லாம் நனையும்படி அடித்தாள். எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர்த் தட்டுகளில் செங்கல் வைத்து, தொட்டிகளை அதன்மேல் நிறுத்தினாள். நாற்றத்துக்குச் சாம்பிராணி போட்டாள். என்ன வாடை என்று கேட்டவர்களிடம், "வேப்பெண்ணெய்தான், கொஞ்சம் பழசு" என்றாள். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை அடித்தாள்.

ஆடி முதல் வெள்ளிக்கு முப்பது பூ. பத்ரிநாராயணனே வந்து பதினொன்று வாங்கிப் போனார். பூச்சூட்டிய அம்பாள் படத்தைக் குரூப்பில் போட்டு, டீச்சருக்கு நன்றி என்று எழுதினார். டீச்சர் அதை எத்தனை தடவை திறந்து பார்த்தாளோ.

அடுத்த செவ்வாய்க்கிழமை தண்ணீர் லாரி வந்திருந்தது. பாதிக் கட்டடம் கேட்டில் நின்றது. டீச்சரைப் பார்த்ததும் பொன்னி சந்தோஷமாகக் கத்தினாள்.

"டீச்சரம்மா! மீன் எண்ணெய்க்குப் பூச்சி பூட்ச்சா?"

லாரிப் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன எண்ணெய்?" என்றார் பத்ரிநாராயணன். "மேடம், அந்தப் பூவையா நான் அம்பாள் தலையில வச்சேன்?"

உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு நேரம் போதும். அந்த மூச்சுக்குள் பன்னிரண்டு தொட்டிகளும் படியிறங்கிப் போவதை டீச்சர் பார்த்துவிட்டாள்.

"நான் வேப்பெண்ணெய்தான் கேட்டேன் சார். இவ என்னத்தைக் கலந்து கொடுத்தாளோ, எனக்கென்ன தெரியும்?"

பொன்னிக்கு முதலில் புரியவில்லை. "இன்னா டீச்சரம்மா சொல்றே? சொல்லித்தானே குடுத்தேன்? முந்தானைல மூடிகினு போனியே!"

"டீச்சர் பொய் சொல்லுவாங்களா?" என்றார் பத்ரிநாராயணன். வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். "இனிமே இந்த அம்மா கேட்டாண்ட உக்காரக் கூடாது."

பொன்னி டீச்சரையே பார்த்தாள். டீச்சர் லாரியைப் பார்த்தாள்.

"ஹில்டாக்கா கேட்டா சொல்லிடு, டீச்சரு தொரத்திட்டாங்கன்னு" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் பொன்னி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

செடிகள் தப்பின. மஞ்சள் நீர் தெளித்துச் சுத்தம் செய்தார்கள். பத்ரிநாராயணன் ஒரு பூச்சிமருந்து பாட்டிலும் வாங்கி வந்தார். "இது ப்யூர் கெமிக்கல் மேடம். மீன் கீன் ஒண்ணும் கிடையாது." அதில் சிவப்பு முக்கோணம் போட்டிருந்தது. கையுறை இல்லாமல் தொடக் கூடாது என்று அச்சடித்திருந்தது. டீச்சர் படித்தாள். அதைத் தெளித்த செடியின் பூவை எப்படிச் சாமிக்கு வைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பஸ் ஸ்டாப் பக்கத்தில் வெயிலில் பொன்னி உட்கார்ந்திருப்பதைக் கண்டு டீச்சர் அருகே போனாள்.

"பொன்னி, என்னை மன்னிச்சிடு."

"மன்னிப்ப வச்சிகினு நான் இன்னா பண்றது? செக்ரட்டரியாண்ட வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கே என் எடத்துல போய் உக்காந்துக்கறேன்."

"சொன்னா செடியைப் பிடுங்கிடுவாங்க."

பொன்னி ஒரு சங்கரா மீனின் செவுளைத் தூக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தாள்.

"அப்போ செடிய வச்சிக்க."

டீச்சர் இன்னும் ஏதோ சொல்ல நின்றாள். பின்னாலிருந்து ஒரு பெண் பையை நீட்டினாள். "நீங்க வாங்கறீங்களா? இல்லேன்னா கொஞ்சம் தள்ளுங்க."

டீச்சர் தள்ளி நின்றாள்.